வரும் கடிதத்தை யார் படிப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம்ங்க. எனக்குக் கோவை மாவட்டத்தில் சோமனூர் பக்கம். சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருசம் இருந்தேன். 2024-ல் வேலையை விட்டுவிட்டு, கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்களுக்காக ஒரு செயலி செய்தேன். பாவு (தறியில் ஏற்ற ஓனர் கொடுக்கும் நீளவாக்கு நூல்) வரவு, பீஸ் (நெய்த துணி) கணக்கு, கூலி பாக்கி, ஜிஎஸ்டி பில் எல்லாம் போனிலேயே போட்டுக்கொள்ளலாம். மாதம் 500 ரூபாய். முதலீட்டாளர் யாரும் இல்லை, நான் ஒருத்தன்தான்.

எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் ஏஐ வைத்திருக்கிறேன். பதிவு, நியூஸ்லெட்டர், என் குரலையே நகலெடுத்துப் பேசும் ரீல்ஸ் என்று தினமும் போகிறது. லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் சேர்த்து 23,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் பணம் கட்டுகிறவர்கள் 61 பேர்தான். தீபாவளியிலிருந்து அந்த எண்ணிக்கை நகரவில்லை. இப்போது வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் கேள்விகளுக்கும் ஏஐயே பதில் சொல்கிறது. தினமும் மூன்று மணி நேரம் மிச்சம். எவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறது என்று பார்க்க இந்தக் கடிதத்தோடு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

அடுத்து எந்த டூலுக்குப் போகலாம்? ஆங்கிலத்தில் எழுதினால் கூட்டம் சேருமா? விளம்பரத்துக்குப் பணம் போடலாமா? உங்களுக்கு வரும் கடிதங்களுக்கு நீங்கள் ஏஐ வைத்திருக்கிறீர்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் ஏழெட்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பிழைகளைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோனது. சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கை எழுதியதுபோல வருகின்றன. முதல் பத்தியில் பாராட்டு, இரண்டாவதில் "ஆழமான தாக்கம்", மூன்றாவதில் ஒரு கேள்வி. எழுதியவர் தாராபுரமா தஞ்சாவூரா, கோபத்தில் எழுதினாரா வருத்தத்தில் எழுதினாரா, ஒன்றும் பிடிபடாது. இவற்றுக்கு நான் என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்களுடையது வந்தது. நீங்களே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் ஒன்று. கையில் இருந்த சம்பளத்தை விட்டுவிட்டு, நம் ஊர்த் தறிக்காரர்களுக்காக ஒரு பொருள் செய்திருக்கிறீர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் ஊரில், பாவுக் கணக்கு எழுத ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம். பத்து வருசத்துக்கு முன்னால் இதற்கு நாலு பேர் வேண்டியிருக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்குப் பிறகு ஒருவரே நிரல் எழுதி, பிழை பார்த்து, பில் வடிவம் அமைத்து, ஆங்கிலக் கடிதமும் எழுதிக்கொள்ள முடிகிறது. இது நல்ல காலம்தான். இயந்திரத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

டூல் கேள்விக்கு வருகிறேன். கை எதில் பழகியிருக்கிறதோ அதிலேயே இருங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று புதிதாக வரும், அதன் பின்னால் ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆங்கிலம் எதற்கு? கண்ணம்பாளையத்துத் தறிக்காரர் ஆங்கிலத்தில் தேடப் போவதில்லை. விளம்பரம் இப்போது வேண்டாம்.

பதிவுகளை மலைபோலக் குவிப்பது பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேடலில் மேலே வருவதற்காகவே பக்கங்களைக் கூட்டம் கூட்டமாக உற்பத்தி செய்வதைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் கணக்கில் சேர்த்துவிட்டது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் அதே விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் காட்டுவது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கேட்டவருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது, அப்புறம் அவர் ஏன் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்? நியூஸ்லெட்டருக்கும் இதே கதிதான். ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-லிருந்து கட்டாயம். ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தாலே உங்கள் கடிதம் பரணுக்குப் போய்விடும். எழுதுவது இலவசமாகிவிட்டதால் எல்லோரும் எழுதித் தள்ளுகிறார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இத்தனை கதவுகளைச் சாத்துகிறார்கள்.

அந்த 23,000 பேர் யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் பின்னூட்டங்களைப் படித்தேன். பெங்களூரில் செயலி செய்கிறவர், சென்னையில் செயலி செய்கிறவர், "சூப்பர் ப்ரோ" என்று போட்டுவிட்டுத் தன் செயலியின் சுட்டியைத் தருகிறவர். "தனியாகத் தொழில் தொடங்கியதில் நான் கற்ற ஐந்து பாடங்கள்" என்று எழுதினால் தனியாகத் தொழில் தொடங்கியவர்கள்தானே வருவார்கள்? விற்க வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்கிறீர்கள். அதில் தறி வைத்திருப்பவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு ஓடும் தறிகளே லட்சத்தைத் தாண்டும். உங்களுக்கு வேண்டியது அதில் 200 பேர். 200 பேர் மாதம் 500 கட்டினால் லட்ச ரூபாய். ஒருவர் குடும்பம் நடத்த அது போதாதா? ஏர்பிஎன்பி ஆரம்பித்தவர்களே 2009-ல் நியூயார்க்கில் வீடு வீடாக ஏறி, வாடகைக்கு விட்டவர்களைப் பார்த்துப் பேசி, வீடுகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். சோமனூரில் இருந்துகொண்டு பக்கத்திலிருக்கும் கருமத்தம்பட்டிக்குப் போக நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்?

சரி, அந்த ஸ்க்ரீன்ஷாட். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஒரு தறிக்காரர் கேட்டிருக்கிறார்: "தம்பி, பாவைப் பாதியிலயே அறுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. இத எங்க போடறதுன்னு தெரியலீங்க." உங்கள் ஏஐ சொல்லியிருக்கிறது: "உங்கள் கேள்விக்கு மிக்க நன்றி! பாவு இருப்புப் பகுதியில் 'திருத்து' பொத்தானை அழுத்தி, மீதமுள்ள மீட்டரை மாற்றவும். மேலும் உதவி தேவையா?" கூட ஒரு சிரிப்புப் பொம்மை. அவர் அதற்குப் பதில் போடவில்லை. நீங்கள் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று பச்சை டிக் அடித்திருக்கிறீர்கள்.

தம்பி, நீங்கள் சோமனூர்ப் பிள்ளைதானே? ஏற்றிய பாவைப் பாதியில் அறுத்து வாங்கிக்கொண்டு போவது என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? கூலியில் தகராறா? ஆர்டர் நின்றுவிட்டதா? நெய்த பீஸை டேமேஜ் என்று கழித்துவிட்டார்களா? பழைய கூலி பாக்கி வருமா வராதா? தறி நின்றுபோன ஒரு மனிதர், உங்கள் செயலியில் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்து உங்களிடம் கேட்டிருக்கிறார். அவருக்குப் பொத்தானைக் காட்டி அனுப்பியிருக்கிறது உங்கள் இயந்திரம். அது சொன்ன வழி தவறு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் அங்கே இல்லை.

உங்கள் பொருள் அடுத்து எங்கே வளர வேண்டும் என்பதும் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது. 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு இந்த இரண்டு மாவட்டத்துத் தறிகளும் வாரக்கணக்கில் நின்றன. பேசி முடித்த கூலி கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அங்கே திரும்பத் திரும்ப எழும் குறை. எந்தத் தேதியில் பாவு வந்தது, என்ன ரகம், ஒரு பிக்குக்கு (குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலுக்கு) எத்தனை பைசா பேசியது, எத்தனை மீட்டரில் திரும்பப் போனது, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் தேதியோடு ஒரு தறிக்காரரின் போனில் இருந்தால், பேச்சுவார்த்தையில் அவர் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும். "பாதியில் திரும்பிய பாவு" என்று ஒரு பகுதியைச் செயலியில் சேர்த்தால் அதற்காகவே பத்துப் பேர் பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்வார்கள். 23,000 பேரிடமிருந்து இந்த யோசனை வந்திருக்குமா? பணம் கட்டும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், நீங்கள் வாசலில் ஆள் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

என் பெரியப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில், பள்ளி விடுமுறையில் அங்கே விலைக் கார்டு எழுதுவது என் வேலை. கொடுமுடி, சிவகிரி, அந்தியூர், கோபி பக்கத்து விவசாயிகளுக்கு வாராவாரம் 15 பைசா அஞ்சலட்டையில் அந்த வார விலையை எழுதிப் போடுவோம். விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு, வரத்து இத்தனை மூட்டை. என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் எனக்கு அந்த வேலை. பெரியப்பா அவற்றைப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். ரப்பர் ஸ்டாம்பை அடித்துப் பெட்டியில் போடச் சொல்லிவிடுவார்.

ஆனால் வரும் கடிதத்தை வேறு யாரும் தொடக் கூடாது. கணக்குப் பிள்ளைகூடத் தொட முடியாது. தபால்காரர் கொடுத்த கட்டு அப்படியே அவர் மேசைக்குப் போகும். ஏலம் முடிந்து, குத்தூசியையும் சாம்பிள் தட்டையும் எடுத்து வைத்த பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஒரு கார்டு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சிவகிரிப் பக்கத்துக்காரர் எழுதியது. மழை, மாடு, உறவுக்காரர் சௌகரியம் என்று இடம் முழுக்க நெருக்கி எழுதி, கடைசியில் முகவரிக்குப் பக்கத்து இடுக்கில், "மஞ்ச வேக வெக்கற கொப்பரை ஆளுக்கு ஆள் கேட்டு நிக்குது, வேக வெக்க மாசி கழியும் போல" என்றும், அதற்கும் கீழே, "பாப்பாவுக்கு வைகாசியில் முடிவு பண்ணியிருக்கு" என்றும் இருந்தது. பெரியப்பா அந்த இரண்டு வரிக்கும் கீழே கோடு போட்டார். அவருடைய மஞ்சள் வெந்து, காய்ந்து, பாலீஷ் ஆகி மண்டிக்கு வரப் பங்குனி ஆகும், கல்யாணச் செலவு அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும் என்று கணக்குப் போட்டு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே முன்பணம் கொடுத்தனுப்பினார்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு நாள் கேட்டேன். "எல்லாத்தையும் நான் படிச்சு, முக்கியமானத மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடட்டுங்களா பெரியப்பா?" அவர் கோபப்படவில்லை. "கடுதாசியச் சுருக்கினா வெலை மட்டுந்தான் மிஞ்சும் கண்ணு. வெலைய நாமதான் அவங்களுக்கு எழுதறோம். அவங்க எழுதறது வேற" என்றார்.

நான் சுருக்கியிருந்தால் அந்தக் கார்டில் என்ன எழுதியிருப்பேன்? "வரத்து தாமதம்." பாப்பா கல்யாணம் விட்டுப்போயிருக்கும். இன்று இயந்திரத்திடம் கொடுத்தாலும் பெரும்பாலும் அதையேதான் செய்யும். ஏனென்றால் எது முக்கியம் என்பது அந்தக் கார்டில் எழுதியிருக்காது, படிக்கிறவருக்கு அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும் என்பதில் இருக்கும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். போகும் கடிதத்தை இயந்திரம் எழுதட்டும். பில்லை அனுப்பட்டும், பாக்கியை நினைவூட்டட்டும், பதிவைத் திருத்தட்டும். உள்ளே வருவதை நீங்கள் படியுங்கள். வாய்ஸ் நோட் என்றால் முழுக்கக் கேளுங்கள், எழுத்தாக மாற்றிப் படிக்காதீர்கள். 61 பேர்தான். 61 பேரின் கேள்வியைப் படிக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்றால், அந்த மூன்று மணி நேரம்தான் உங்கள் தொழில். அதை மிச்சம் பிடித்து வேறு எதில் செலவழித்தீர்கள்? ரீல்ஸில்.

200 பேர் ஆனதும் முடியுமா என்று கேட்பீர்கள். ஆகட்டும், அப்போது பேசலாம். அப்போதும் பதில் சொல்ல ஓர் ஆளை வையுங்கள், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆளாகப் பார்த்து வையுங்கள். இயந்திரத்தைத்தான் வைத்தாக வேண்டும் என்றால், இது இயந்திரம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு அது "நன்றி" சொல்வதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் "தம்பி" என்று கூப்பிட்டது உங்களை.

எனக்கு வரும் கடிதங்களை நானேதான் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடிவதில்லை. எழுதுகிறவை நான் எழுதுகிறவை.

இன்று இரவே அந்த வாட்ஸ்அப் பதிலை நிறுத்திவிடுங்கள். நாளை அந்தத் தறிக்காரரைக் கூப்பிட வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போனதும் செயலியைத் திறந்து காட்டாதீர்கள். எந்த ஓனரின் பாவு, எத்தனை மீட்டரில் அறுத்தார்கள், பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள். வந்து எனக்கு எழுதுங்கள், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா