மணலில் முளைத்த மீன்

கேள்வி: மாலத்தீவில் எடுத்த ஒரு படத்தில், கடலடி மணலில் நாற்று நட்டதுபோல் நிறைய 'பாம்புகள்' நின்றுகொண்டிருந்தன. அவை என்ன? கடிக்குமா?

பதில்: பாம்பில்லை, விலாங்கு மீன். பெயர் கார்டன் ஈல். கூட்டமாக நிற்கும்போது தோட்டம்போலத் தெரிவதால் அந்தப் பெயர். வெள்ளை உடலில் பொடிக் கரும்புள்ளிகள் இருந்து, செவுளருகே ஒன்றும் நடு உடலில் ஒன்றும் பெரிய கரும்பொட்டு தெரிந்தால் அது புள்ளிக் கார்டன் ஈல். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தால் வேறு இனம். புள்ளி இனத்துக்கு 1959-இல் அறிவியல் பெயர் சூட்டியபோது, ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ் பெயரையே வைத்தார்கள். நீளம் 40 செ.மீ. வரை, கனம் ஒரு விரல் அளவுதான். கடிக்காது. நீங்கள் நெருங்குவதற்குள் மொத்தக் கூட்டமும் மணலுக்குள் போய்விடும்.

கேள்வி: மணலில் போட்ட குழி எப்படிச் சரியாமல் நிற்கிறது? இரை தேடவாவது வெளியே வராதா?

பதில்: வராது. இரைதான் அதைத் தேடி வருகிறது. நீரோட்டம் அடித்துவரும் மிதவை உயிரிகளை, ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். பெரிய கண்ணும் குட்டை வாயும் அதற்குத்தான். குழி தோண்டுவது தலையால் அல்ல, வாலால். விறைப்பான வால்நுனியை மணலில் குத்தி, நெளிந்து நெளிந்து பின்பக்கமாக இறங்கும். உடலில் ஊறும் கோழை மணலை ஒட்டிப் பூச்சுபோல் நிற்பதால் சுவர் சரிவதில்லை.

ஒகினாவாவில் செய்து 2022-இல் வெளியான ஆய்வொன்று அருமையானது. ஓட்டம் நொடிக்கு சுமார் 20 செ.மீ. ஆகும்வரை இவை தின்னும் அளவு கூடியது. வேகம் கூடக்கூட உடலை உள்ளே இழுத்து, வளைந்து நின்று, நீரின் இழுப்பைக் குறைத்துக்கொண்டன. ஓட்டம் இன்னும் வலுத்தபோது குழிக்குள் ஒதுங்கின. நீந்தும் மீன் ஓட்டத்தோடு போராடச் செலவிடும் சக்தி இதற்கு மிச்சம்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: உப்புநீர்த் தொட்டியில் நல்ல அனுபவம் இல்லாவிட்டால் வேண்டாம். பெரும்பாலும் பட்டினியில்தான் சாகும். மிதக்கும் இரையை மட்டுமே தின்னும். கீழே விழுந்ததைத் தேடாது. அதனால் பொடி இரையை நாளுக்குப் பலமுறை, சிறிது சிறிதாக, ஓட்டத்தில் கலந்து விடவேண்டும். தொட்டியில் துறுதுறுப்பான மீன் ஒன்று இருந்தாலும் போதும், இவை தலைகாட்டாது. இரை முழுக்க அதற்கே போகும். நைஸ் மணல் குறைந்தது 20 செ.மீ. ஆழம் தேவை. பருமணல் போட்டால் குழி நிற்காது, தோலும் சிராயும். மூடி இடைவெளியில்லாமல் இருக்கட்டும், புதிதாக விட்டவை துள்ளி வெளியே விழுவதுண்டு. ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், இது கூட்டத்தில் வாழும் மீன்.

ஆள் நடமாட்டமே இல்லாமல் வைத்தாலும் சிக்கல்தான். 2020-இல் டோக்கியோவின் சுமிதா மீன் காட்சியகம் பூட்டியிருந்தபோது, அங்கிருந்த சுமார் 300 கார்டன் ஈல்கள் மனிதரை மறந்து, பராமரிப்பாளரைக் கண்டே ஒளிந்தன. உடல்நலம் பார்க்கவே முடியவில்லை. மே மாதம் மூன்று நாள் பொதுமக்களை வீடியோ காலில் முகம் காட்டச் சொல்லித்தான் பழக்க முயன்றார்கள்.