கியர் மாறும்போது உதைக்கிறதா? ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களின் கேள்விகள்

கேள்வி: அண்ணா, 1,10,000 கி.மீ. ஓடிய டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் கார். 2-லிருந்து 3-க்கு மாறும்போது மட்டும் பின்னாலிருந்து யாரோ உதைப்பது போல் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லிவிடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. முதலில் கியர் ஆயிலை இரண்டு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்போ லேசான பழுப்போ என்றால் நல்ல சேதி. கறுத்துப்போய்க் கருகல் நாற்றம் அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. அப்புறம் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு ‘கோளாறு கோடு (code) எதுவும் இல்லை’ என்பார்கள். கியர்பாக்ஸுக்கான கம்ப்யூட்டர் மாட்யூலைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயில் நன்றாக இருந்து, ஒரே ஒரு ஷிஃப்ட் மட்டும் உதைத்தால் என் சந்தேகம் சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வ்), அது பொருந்தியிருக்கும் வால்வ் பாடி மேல்தான். பல கார்களில் கியர் பெட்டியை இறக்காமலே, அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றி அவற்றை எடுத்துவிடலாம். பேனில் இருக்கும் காந்தத்தையும் பாருங்கள். மை போன்ற கரும்பசை சகஜம். இரும்புச் சில்லு இருந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

கேள்வி: பழைய பெட்டியில் ஆயில் மாற்றினால் கெட்டுப்போகுமாமே?

பதில்: ஏற்கெனவே வழுக்குகிற பெட்டியில்தான் பலர் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுகிறார்கள். அது நின்றுபோனதும் பழி ஆயில் மேல். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை நான் விரும்புவதில்லை. வடித்துவிட்டு, வடிந்த அளவே ஊற்றுங்கள். கன்வெர்ட்டரில் பழைய ஆயில் தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை.

கேள்வி: கொழும்பிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானில் இருந்து வந்த டொயோட்டா. கியர் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கே (அளவுக் குச்சி) இல்லை. சிவப்பு ஆயில் எதுவானாலும் பரவாயில்லையா?

பதில்: வேண்டவே வேண்டாம். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். (WS) ரக ஆயில் கேட்கும் பெட்டியில் அதன் பழைய ரகமான டி-ஃபோர் (T-IV) ஊற்றக் கூடாது. இரண்டின் தடிமனும் வேறு. சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அதன் ஆயிலே தனி. டிப் ஸ்டிக் இல்லாத பெட்டியில், எஞ்சின் ஓட, ஆயில் சூடு ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும்.

கேள்வி: திடீரென்று 3-ஆவது கியரிலேயே நின்றுவிட்டது. லீவரை ‘டி’யில் (D) போட்டால் ‘டம்’ என்கிறது. பெட்டி போச்சா?

பதில்: இன்னும் போகவில்லை. கோளாறு தெரிந்ததும் கம்ப்யூட்டர் சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது பல பெட்டிகளில் ஆயில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அந்த அடிதான் இது. பிளேட் வழுக்கி எரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஸ்கேனரில் வரும் கோளாறு கோடு எதையும் அழிக்காமல் பாட்டரி, வயரிங், கனெக்டர் எல்லாம் பாருங்கள்.

கேள்வி: என் பெட்டியில் பிளேட் எரிந்தே விட்டது. பழைய பெட்டி வாங்கி மாட்டலாமா?

பதில்: நல்ல கை கிடைத்தால் நான் ஓவர்ஹால் (இருக்கும் பெட்டியையே பிரித்துச் சரிசெய்வது) பக்கம். பழையதுதான் என்றால் இரண்டு பெட்டிகளின் கோடு எண்ணும் (code) ஒன்றாக இருக்கட்டும், வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய பெட்டியின் குப்பை முதல் நாளே புதிதாக மாட்டியதற்குள் போய்விடும்.