டொலோரெஸ் என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

என் கணவர் ஸ்பெயினில் இருக்கும் செவில் நகரத்துக்காரர். எங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. மாமியார் பெயர் மரியா டொலோரெஸ், அதையே பேத்திக்கும் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இணையத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் டொலோரெஸ் என்றால் வலிகள், சோலெதாத் என்றால் தனிமை, அங்குஸ்தியாஸ் என்றால் வேதனைகள் என்று போட்டிருக்கிறது. மதுரையிலிருக்கும் அம்மா இதைக் கேட்டுவிட்டு, 'பிள்ளைக்குப் போய் வலின்னா பேரு வைப்பாங்க?' என்று போனிலேயே அழுதுவிட்டார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. இவர்கள் ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

ம., செவில்

அன்புள்ள ம.,

முதலில் வாழ்த்துகள். அப்புறம், அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அகராதிப்படி அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் மாமியாருக்குப் பெயர் வைத்தவர்கள் அகராதியைப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். டொலோரெஸ் என்பது மாதாவின் பட்டங்களில் ஒன்று. மகனைச் சிலுவையில் பறிகொடுத்த தாய், நெஞ்சில் வாள் பாய்ந்தபடி படங்களில் இருப்பாளே, அவள். சோலெதாத், மகனை அடக்கம் செய்துவிட்டுத் தனித்து நின்ற அதே தாய். அங்குஸ்தியாஸ் மாதா கிரானடா நகரத்தின் பாதுகாவலி. பிள்ளையை அந்தத் தாயின் கையில் ஒப்படைக்கிறோம் என்பதுதான் இந்தப் பெயர்களின் பொருள்.

அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வியாகுலமேரி என்று பெயர் உண்டே, அதேதான் டொலோரெஸ். வியாகுலமேரி டீச்சர் என்றால் யாராவது துயரத்தை நினைக்கிறார்களா? சகாயமேரி அங்கே சொக்கோரோ, அமலோற்பவமேரி அங்கே இன்மாகுலாதா, ஜெபமாலை அங்கே ரொசாரியோ. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயரைத் தாங்கிய ஆரோக்கியமேரிக்கு இணையாக சலூத் என்ற பெயர் இருக்கிறது. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கும் ஸ்பெயினின் லா பால்மா தீவிலிருக்கும் நியெவெஸ் மாதாவுக்கும் ஆகஸ்ட் 5 தான் திருநாள். பனியே விழாத தூத்துக்குடிக்குப் பனிமய மாதா எப்படி வந்தாளோ அப்படித்தான் செவிலில் ஒரு பெண்ணுக்கு நியெவெஸ், அதாவது பனி, என்ற பெயரும் வருகிறது.

நீங்கள் செவிலிலேயே இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். புனித வாரத்தில், வியாழன் நள்ளிரவு தாண்டி மக்கரேனா மாதாவைத் தெருவுக்குக் கொண்டுவருவார்கள், பெரிய வெள்ளி விடிந்த பிறகும் அந்த ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். மரத்தில் செதுக்கிய இளம்பெண்ணின் முகம், கன்னங்களில் கண்ணாடியால் செய்த ஐந்து கண்ணீர்த் துளிகள். சப்பரத்தைத் தூக்குகிறவர்கள் துணிக்குள் மறைந்து பிடரியில் சுமக்கிறார்கள், அதனால் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவளே நடந்து வருகிற மாதிரி இருக்கும். அழுதுகொண்டிருக்கும் அவளைப் பார்த்துக் கூட்டம் 'குவாப்பா! குவாப்பா!' என்று கத்துகிறது. அழகி, அழகி என்று. அவளுடைய முழுப் பெயரில் எஸ்பெரான்சா என்று இருக்கிறது, நம்பிக்கை. துயரத்தையும் அழகையும் நம்பிக்கையையும் ஒரே முகத்தில் பார்த்துப் பழகிய ஊரில் டொலோரெஸ் எப்படி அபசகுனமாகும்?

பெயர் வைத்தாலும் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை. டொலோரெஸ் என்றால் லோலா, அவ்வளவுதான். இப்போது லோலா என்றே பதிவு செய்கிறவர்களும் உண்டு. ரொசாரியோ சாரோ ஆவாள், கொன்சுவேலோ செலோ ஆவாள், மெர்செடெஸ் மெர்சே ஆவாள். (ஓ என்று முடிவதால் இவற்றில் சிலதை ஆண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அம்பாரோவும் சொக்கோரோவும் பெண்கள்தான்.) கொன்செப்சியோன் என்று வைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அதன் செல்லப்பெயரான கொன்ச்சா ஸ்பெயினில் பாட்டிமார் பெயர், அர்ஜென்டினாவில் கெட்ட வார்த்தை.

பக்தி இல்லாத வீட்டுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936 ஜூலையில் 'நோ பாசரான்', அவர்கள் உள்ளே வர முடியாது, என்று வானொலியில் முழங்கிய கம்யூனிஸ்ட் தலைவி பெயர் டொலோரெஸ் இபாருரி. சுரங்கத் தொழிலாளி மகள்.

பட்டங்களுக்கு வெளியேயும் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெயர் இருக்கிறது, அய்தானா. அலிகாந்தே பக்கத்து மலை அது. போரில் தோற்று நாட்டைவிட்டுப் போன கவிஞர் ரஃபயேல் அல்பெர்த்தி, ஸ்பெயினைப் பிரியும்போது கடைசியாகப் பார்த்த அந்த மலையின் பெயரை, 1941இல் அர்ஜென்டினாவில் பிறந்த மகளுக்கு வைத்தார். இன்று ஸ்பெயினில் எத்தனையோ குழந்தைகள் அய்தானா. 'அய்தானா: மலை' என்று மட்டும் போடும் பட்டியலை வைத்து என்ன செய்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், மாமியார் பெயரை வையுங்கள் என்றுதான் சொல்வேன். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நமக்கும் புதிதில்லை. ஆனால் இவ்வளவு தெரிந்த பிறகும் மனசு ஒப்பவில்லையென்றால் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், பிள்ளையைத் தினமும் கூப்பிடப் போவது நீங்கள். எஸ்பெரான்சா என்று கேட்டுப் பாருங்கள், செவில்காரரான மாமியார் அதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்பெயின் சட்டப்படி குழந்தைக்கு இரண்டு தனிப்பெயர்கள் பதியலாம். குடும்பப் பெயரும் இரண்டு, அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று. எது முதலில் வர வேண்டும் என்பதைப் பெற்றோரே பேசி முடிவு செய்யலாம். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் அப்பா பெயர் இருந்தால் அது பேத்தி வரைக்கும் போகும், இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். தனிப்பெயரில் ஒன்று டொலோரெஸ் என்றால் மற்றதை அம்மாவையே வைக்கச் சொல்லிவிடுங்கள். கயல் டொலோரெஸ், யாழினி டொலோரெஸ், எதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. மாமியாரால் 'ழி' சொல்ல முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா