காற்று, பட்டம், பறத்தல்: குழந்தைகளுக்கு என்ன வாசித்துக் காட்டலாம்?

கேள்வி: அக்கா, மகளுக்கு 3 வயது. காற்று பலமாக அடித்தாலே பயப்படுகிறாள். அவளுக்கு ஏற்ற புத்தகம் சொல்லுங்கள்.

பதில்: மேரி ஹால் எட்ஸ் 1963-இல் எழுதி வரைந்த ‘கில்பர்ட்டோ அண்ட் த விண்ட்’. ஒரு சின்னப் பையனுக்குக் காற்றுதான் விளையாட்டுத் தோழன். அது அவன் பலூனைப் பறித்துக்கொண்டு போகும், குடையை உடைக்கும், அவன் ஊதும் சோப்புக் குமிழிகளை மேலே தூக்கிப்போகும். காற்றின் முரட்டுத்தனத்தை மறைக்காமல் காட்டுவதால்தான் பயந்த குழந்தைக்கு இதைச் சொல்கிறேன். வேகமாகப் புரட்டாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் “காற்று எங்கே இருக்கு?” என்று கேளுங்கள். கொடியில் ஆடும் துணியை அவளே தொட்டுக் காட்டுவாள்.

கேள்வி: பையனுக்கு 5 வயது, ஓர் இடத்தில் உட்கார மாட்டான்.

பதில்: ஆலிவர் ஜெஃபர்ஸின் ‘ஸ்டக்’. மரத்தில் மாட்டிய பட்டத்தை விழவைக்கச் சிறுவன் எறிகிற எல்லாமே மாட்டிக்கொள்ளும், திமிங்கிலம் உட்பட. ஏணி கொண்டுவருவான், ஏறப்போகிறான் என்று பார்த்தால் அதையும் எறிவான். அந்த இடத்தில் சற்று நிறுத்தி வாசியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. எதைச் சொன்னாலும் “நிஜமா?” என்பாள். பட்டம் பற்றி உண்மைக் கதை உண்டா மேடம்?

பதில்: அருமையான ஒன்று உண்டு. அலெக்ஸிஸ் ஓ’நீலின் ‘த கைட் தட் பிரிட்ஜ்ட் டூ நேஷன்ஸ்’. 1848-இல் நயாகரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் தொங்குபாலம் கட்ட வேண்டும். முதல் கயிற்றை அக்கரைக்கு எப்படிக் கொண்டுபோவது? கீழே சீறும் தண்ணீர், பனிக்கட்டி. பட்டம் விடும் போட்டி வைத்தார்கள். ஹோமன் வால்ஷ் என்ற பதின்வயதுப் பையன் கனடா பக்கமிருந்து விட்ட பட்டம் அமெரிக்கக் கரையில் இறங்கியது. அதன் நூலில் கொஞ்சம் தடித்த கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், பிறகு அதைவிடத் தடித்தது, அப்புறம் கம்பி வடம். வாசித்து முடித்ததும் தையல் நூல், சணல், கொடிக்கயிறு மூன்றையும் அவள் கையில் கொடுத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புரிந்துகொள்வாள்.

கேள்வி: மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். பரிதாபப்படும் கதைகள் வேண்டாம்.

பதில்: ருக்சானா கானின் ‘கிங் ஃபார் எ டே’. லாகூரில் வசந்தப் பட்டத் திருவிழா. மாலிக் மொட்டை மாடியிலிருந்து எதிரிப் பட்டங்களை அறுத்துத் தள்ளுகிறான். அவன் சக்கர நாற்காலியில் இருப்பது படத்தில் மட்டுமே தெரியும், வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை. கட்டாயம் வாங்குங்கள்.

கேள்வி: எல்லாமே ஆங்கிலமாக இருக்கிறதே, தமிழில்?

பதில்: பாரதியின் வசன கவிதை ‘காற்று’. சிறுவர்களுக்கென்று எழுதியதல்ல, ஆனாலும் வீட்டு மாடிப் பந்தலில் தொங்கும் இரண்டு துண்டுக் கயிறுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்து, காற்றில் அவை ஆடுவதையும் பேசுவதையும் அவர் சொல்கிற விதம் குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகும். கயிறுகள் பேசும் பகுதியை மட்டும் எடுத்து, நீங்கள் ஒரு குரல், குழந்தை ஒரு குரலாக வாசியுங்கள். பாரதியார் கவிதைத் தொகுப்புகளில் வசன கவிதைப் பகுதியில் பாருங்கள்.