தலைகீழாக நிற்பதற்கு முன் தரையில் படுக்கட்டும்

கேள்வி: எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தொடக்கப் பயிற்சி அளிக்கிறேன். குட்டிக்கரணம் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போது அநேகமாக எல்லோருடைய உடலும் வில்லாக வளைந்துவிடுகிறது. கைகளில் வலு போதவில்லையா?

பதில்: கைகளைக் குறை சொல்லுமுன் வயிற்றையும் இடுப்பையும் பாருங்கள். உடலை ஒரே கோடாக இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் குழந்தைகளுக்கு இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது. அதைக் கற்றுத்தரும் நிலைக்கு ‘ஹாலோ’ என்று பெயர். குழந்தையை மல்லாந்து படுக்கவைத்து, கீழ்முதுகைத் தரையோடு அழுத்தச் சொல்லுங்கள். அந்த அழுத்தம் தளராமல் தலை, தோள், கால்கள் ஆகியவற்றை மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். இப்போது உங்கள் விரல்களை முதுகுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால், நிலை கலைந்துவிட்டது என்று பொருள். கால்களை இன்னும் உயரத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது முழங்கால்களை மடித்துக்கொள்ள விடுங்கள்.

கால்களை யார் அதிகம் தாழ்த்துவது என்று குழந்தைகள் போட்டி போடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். கால்கள் தரையை நெருங்க நெருங்க இடுப்பின் மீது சுமை கூடுவதால், வயிற்றுத் தசை தோற்று முதுகு மேலெழும்பும். பார்வைக்குச் சிறப்பாகத் தெரியும் அந்தக் குழந்தைதான் உண்மையில் தவறான வளைவைப் பழகிக்கொண்டிருக்கும். முதுகு ஒட்டியபடி பத்து விநாடி இருந்தால் போதும். அதை நான்கைந்து முறை செய்வது, நடுங்கிக்கொண்டு ஒரு நிமிடம் கிடப்பதைவிட மிகவும் நல்லது.

இதற்கு எதிர்நிலையான ‘ஆர்ச்’ நிலையையும் கூடவே சொல்லிக்கொடுங்கள். குப்புறப் படுத்து, பிட்டத் தசையை இறுக்கி, மார்பையும் சேர்த்துவைத்த கால்களையும் உயர்த்த வேண்டும். பார்வை தரையில் இருந்தால் கழுத்து வலிக்காது. இரண்டையும் உணர்ந்த குழந்தைக்குத்தான், தலைகீழாக நிற்கும்போது தன் உடல் எந்தப் பக்கம் வளைகிறது என்பது புரியும். அதன் பிறகு சுவரை நோக்கி வயிறு இருக்கும்படி கால்களைச் சுவரில் ஏற்றி நிற்கவையுங்கள். முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றால், குதிகால்கள் சுவரில் சாயும்போது இடுப்பு மீண்டும் வளைந்துவிடும்.

கேள்வி: கால்களை நீட்டி உட்காரும் ‘பைக்’ நிலையில் பலருக்கு முழங்கால் மடங்குகிறது. முதுகில் அழுத்திக் குனியவைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பின்தொடைத் தசை இறுக்கமாக இருந்தால் அது இடுப்பெலும்பைப் பின்னால் இழுக்கும். அந்த நேரத்தில் அழுத்தினால் முதுகுதான் கூனும். மடித்த பாய் ஒன்றின் மேல் உட்காரவைத்தால் இடுப்பு முன்சாய்ந்து, கால்கள் தாமாகவே நீளும். கால்களை அகட்டும் ‘ஸ்ட்ராடில்’ நிலைக்கும் இதே உபாயம் உதவும்; அதில் முழங்காற்சில்லுகள் மேல்நோக்கி இருக்கின்றனவா என்பதை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.