ஒயின் கேள்வி-பதில்: லேபிளை மூடிவிட்டு மூக்கைத் திறங்கள்

கேள்வி: ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் வரும் என்கிறார்கள். எனக்கு வரவே இல்லை. மூக்கில் கோளாறா?

கோளாறெல்லாம் இல்லை. அந்த வாசத்துக்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள்தான் நாம் ரசத்துக்குத் தட்டிப்போடும் மிளகிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, தாராளமாகக் கலந்து கொடுத்தும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே இல்லை. அப்புறம், வெயில் ஊர் ஷிராஸில் மிளகு குறைவு. பிரான்ஸின் வடக்கு ரோன் பக்கத்து சிரா (அதே திராட்சைதான், பெயர்தான் வேறு) ஒன்றை முகர்ந்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். லேபிளை மூடிவிட்டு.

கேள்வி: புளிப்பு எது, டானின் எது?

விழுங்கியதும் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறும் கன்னத்து உட்புறமும் வறண்டு இழுத்தால் டானின், அதாவது துவர்ப்பு.

கேள்வி: நேற்று ஒரு ரெட் குடித்துவிட்டு, கசிஸ் (பிளாக்கரண்ட்), சிடார் மரம், ஈரக் கூழாங்கல் என்று குறிப்பு எழுதினேன். சரியா?

என்ன திராட்சை, எந்த ஊர், எந்த வருஷம், எதுவும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்க்க வேண்டுமா? கசிஸ் பழத்தை வாழ்நாளில் ஒருதடவையாவது முகர்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அது பாட்டிலின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு வரும் குறிப்புகளில் பாதி இப்படித்தான்.

2001-ல் பிரான்ஸின் போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்களும் சிவப்பு ஒயினுக்கான சொற்களாக எழுதித் தள்ளினார்கள். வெறும் நிறமே படித்தவர்களை இப்படி ஏமாற்றும் என்றால், லேபிளைப் படித்துவிட்டுக் குடிக்கிற நாம் எந்த மூலைக்கு?

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1984-ல் வெளியிட்ட வாசனைச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் பழம், பூ, மசாலா என்று பொதுவாகத் தொடங்கி, விளிம்புக்குப் போகப் போகக் குறிப்பாகும். நீங்களும் அப்படியே போங்கள். முதல் நாளே கூழாங்கல்லில் போய் நிற்க வேண்டாம். மலிவான, பெரிதாக வாசமில்லாத ஒயினை மூன்று கிளாஸில் ஊற்றி, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் பச்சைக் குடைமிளகாய்த் துண்டு, ஒன்றில் துளி வெனிலா எசன்ஸ் போட்டு மூடிவைத்து, அரை மணி கழித்துக் கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். குடைமிளகாய் பிடிபட்டால் சாவிஞ்ஞோன் பிளாங்க், கேபர்னே ஆகிய திராட்சைகளின் ஒயின்கள் பாதி பிடிபட்ட மாதிரி. லிச்சி, கொய்யா, தேங்காய் என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் தேங்காய் வாசம் நிஜமாகவே வரும்.

கேள்வி: ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் மண்ணெண்ணெய் வாடை. கொட்டிவிடவா?

ஐயோ, வேண்டாம்! வயதான ரீஸ்லிங்குக்கு அது இயல்பு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் கார்க் கெடுத்திருக்கிறது என்று அர்த்தம். காற்றாட வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ரெட்டை ரூம் டெம்பரேச்சரில்தானே குடிக்க வேண்டும்?

எந்த ஊர் ரூம்? சென்னையில் 32 டிகிரி ரெட்டை முகர்ந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். 16-18 போதும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஆறு ஒயின் சுவைக்கப் போகிறேன். துப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். வாயில் இருக்கும்போதே வாசம் தொண்டை வழியாக மூக்குக்குப் போய்விடும், துப்புவதால் பெரிய நஷ்டமில்லை. சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். லேபிளையும் மூடச் சொல்லுங்கள்.