பூட்டிய ஜிப்பும் 16 பைட் சாவியும்

கேள்வி: சிடிஎஃப் (கணினிப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டி) பயிற்சிப் புதிர் ஒன்றில் பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு வந்திருக்கிறது. உள்ளே ஒரு பிஎன்ஜி படமும் ஒரு டெக்ஸ்ட் கோப்பும் இருப்பது தெரிகிறது. ராக்யூ என்ற பாஸ்வேர்டுப் பட்டியலை, பாஸ்வேர்டு யூகிக்கும் கருவியான ஜான் தி ரிப்பரில் முழுக்க ஓட்டியும் சிக்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. பட்டியலைத் தொடும் முன்பே, எந்த முறையில் பூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். செவன்-ஜிப்பில் விரிவான பட்டியல் எடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் 'மெத்தட்' என்ற வரி வரும். அதில் ஏஇஎஸ்-256 (வலுவான பூட்டு முறை) என்றிருந்தால் பாஸ்வேர்டை யூகித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு யூகத்துக்கும் 1000 சுற்றுக் கணக்கு இருப்பதால் வேகம் படுத்துவிடும். புதிரின் குறிப்பிலிருந்து சிறு பட்டியல் தயாரிப்பதே புத்திசாலித்தனம்.

'ஜிப்கிரிப்டோ ஸ்டோர்' (ஜிப்பின் பழைய பூட்டு முறை, கோப்பு சுருக்கப்படாமல் இருக்கிறது) என்றிருந்தால் பாஸ்வேர்டே வேண்டாம். பிகாம், கோச்சர் இருவரும் 1994-இல் வெளியிட்ட தாக்குதல் இன்றும் பலிக்கிறது. அந்தத் தாக்குதலைச் செய்யும் பிகேகிராக் (bkcrack) கருவிக்கு, உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் 12 பைட் தெரிந்தால் போதும். அதில் 8 பைட்டாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பிஎன்ஜியின் முதல் 16 பைட் எந்தப் படத்திலும் மாறாது:

137 80 78 71 13 10 26 10 0 0 0 13 73 72 68 82

இதைத் தனிக் கோப்பாக எழுதி, ஜிப்பையும் படத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று 32-பிட் சாவிகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு உங்களுக்குப் பிடித்த பாஸ்வேர்டில் புதிய ஜிப் எழுதச் சொல்லலாம். இரண்டு கோப்புக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் டெக்ஸ்ட் கோப்பும் கூடவே திறந்துவிடும்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: படத்துக்கு நேரே 'ஸ்டோர்' இல்லாமல் 'டிஃபிளேட்' என்றிருந்தால் அந்த 16 பைட் உதவாது. பூட்டப்பட்டது சுருக்கிய தரவு. படத்தின் தலைப்பகுதி அதில் அப்படியே இருக்காது. அப்போது அதே படத்தின் அசல் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஜிப்கிரிப்டோவில் சிஆர்சி-32 எண் (அசல் கோப்பிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பூட்டாமலே தெரியும். அது ஒத்துப்போனால் அதே படம்தான். பிறகு இந்த ஜிப்பை உருவாக்கிய அதே கருவியில், அதே சுருக்க நிலையில் சுருக்கிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பூட்டே போலியாக இருக்குமா?

பதில்: இருக்கும். 'ஜிப்கிரிப்டோ ஸ்டோர்' கோப்பு நிஜமாகப் பூட்டியிருந்தால், ஜிப்புக்குள் அது பிடிக்கும் அளவு (பேக்டு சைஸ்) அசல் அளவைவிட 12 பைட் கூடுதலாகக் காட்டும். இரண்டும் சமம் என்றால் 'பூட்டியது' என்று சொல்லும் ஃபிளாக்கை (அடையாள எண்ணை) மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில், லோக்கல் ஹெடரின் (ஒவ்வொரு கோப்பின் தரவுக்கும் முன்னால் வரும் தலைப்பு) தொடக்கத்திலிருந்து 6 பைட் தள்ளியும், சென்ட்ரல் டைரக்டரி (ஜிப்பின் கடைசியில் உள்ள கோப்புப் பட்டியல்) பதிவின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளியும் பாருங்கள். 1 இருந்தால் 0, 9 இருந்தால் 8 ஆக்குங்கள். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் சில கருவிகள் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும்.